தூக்கி இறக்கும் துறைக்குப் புதிதாய் வருவோருக்கு

மிச்சிகன் மாநிலத்தில், கிரேலிங் ஊரை ஒட்டி ஓ சாபிள் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் பர்ட்டன்ஸ் லேண்டிங், அதன் தென்கிளையின் கரையில் கேனோ ஹார்பர் போன்ற அரசு வன முகாம்கள் இருக்கின்றன. இத்தகைய முகாம்களின் துறைகளில் டிரெய்லரோடு தண்ணீருக்குள் இறங்கும் சாய்தளத்தை எதிர்பார்க்காதீர்கள். கேனோவோ கயாக்கோ, தூக்கிக்கொண்டு போய்த்தான் இறக்க வேண்டும். அதற்கு என் யோசனைகள் இவை.

1. முதலில் வெறுங்கையோடு நடந்து பாருங்கள். வேர் எங்கே தடுக்கும், எந்தப் படி வழுக்கும் என்பது படகு தோளில் ஏறிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. பயணம் முடியும் துறையையும் முன்பே போய்ப் பார்த்து, ஒரு வண்டியை அங்கே விட்டுவிடுங்கள். தண்ணீரிலிருந்து பார்த்தால் எல்லாக் கரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

2. வாங்கும்போதே எடையைக் கேளுங்கள். 17 அடி அலுமினியக் கேனோ 30 கிலோவைத் தாண்டும். அதே நீளத்தில் கெவ்லார் கேனோ 20 கிலோ அளவில் கிடைக்கும், விலைதான் கடிக்கும். 10 அடி பிளாஸ்டிக் கயாக்கைச் சின்னதென்று நம்பாதீர்கள். அதுவும் 20 கிலோவை நெருங்கும்.

3. காலிப் படகை மட்டும் தூக்குங்கள். கூடாரம், பெட்டி, துடுப்பு எல்லாம் அடுத்த நடைக்கு. இருவர் தூக்கிச் சரிவில் இறங்கும்போது உயரமானவர் முன்னால் போகட்டும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி எடுங்கள். யார் "இறக்கு" என்று சொல்வது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

4. கரையில் இழுக்காதீர்கள். இது பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மணல் பூமி. படகின் அடி உரசினாலே சரியும். சரிந்த மணல் ஆற்றடியில் கூழாங்கற்களை மூடிவிட்டால், டிரவுட் மீன் முட்டையிட இடமில்லாமல் போகும். மரம் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்ட 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைகள் பட்டது போதும். படி இருக்கும் இடத்தில் படியிலேயே இறங்குங்கள். புதுத் தடம் போடாதீர்கள்.

5. துறையை அடைக்காதீர்கள். மூட்டை கட்டுவது, காற்றடிப்பது, சாப்பிடுவது எல்லாம் மேலே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரோரம் வந்தால் ஏறிப் புறப்படுவது ஒன்றே வேலை.

6. வெயிலை நம்பித் தண்ணீரை எடைபோடாதீர்கள். நிலத்தடி ஊற்றுகள் ஊட்டும் ஆறு இது, கோடையிலும் குளிரும். நனைந்த பருத்தித் துணி உடல் சூட்டை உறிஞ்சிவிடும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 6 வயதுக்குட்பட்ட பிள்ளை அதை அணிந்தே இருக்க வேண்டும். பெரியவர்களும் அணியுங்கள் என்பது என் சட்டம். ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரங்களிலிருந்து விலகியே துடுப்புப் போடுங்கள். கிளை வழியே தண்ணீர் போகும், ஆள் போக முடியாது.

7. தூண்டில்காரருக்கு வழிவிடுங்கள். பர்ட்டன்ஸ் லேண்டிங்குக்குக் கீழே ஒரு பகுதியில் செயற்கை ஈ கொண்டு மட்டுமே மீன் பிடிக்கலாம். பிடித்ததையும் விட்டுவிட வேண்டும். இடுப்பளவு நீரில் நிற்பவரைக் கண்டால் துடுப்பை நிறுத்தி, சத்தமில்லாமல் அவர் முதுகுப்பக்கமாகப் போங்கள்.

8. படகைச் சுத்தமாகக் கொண்டுபோங்கள். நியூசிலாந்துச் சேற்று நத்தை 2016இல் இந்த ஆற்றிலும் கண்டுபிடிக்கப்பட்டது. மிளகை விடச் சிறியது. சேற்றோடு ஒட்டி அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். கழுவி, நீரை வடித்து, நன்றாகக் காயவைத்த பிறகே வேறு தண்ணீரில் இறக்குங்கள்.

தூக்குவதை இழிவாக எண்ணாதீர்கள். கிரேலிங்கிலிருந்து ஆஸ்கோடா வரை 120 மைல் ஓடும் கேனோ மாரத்தான் 1947இல் தொடங்கியது. அதில் வீரர்கள் படகைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடித்தான் ஆற்றில் இறங்குகிறார்கள். வழியில் 6 அணைகளையும் தூக்கியே கடக்கிறார்கள். உங்களால் தூக்க முடிந்ததை மட்டும் கொண்டுவாருங்கள். கொண்டுவந்த அத்தனையையும் திரும்பத் தூக்கிக்கொண்டு போங்கள்.