நெல் அவிப்பவரின் இலாபம் எங்கே சிந்துகிறது?



சொந்த வயல் இன்னும் கைக்கு வராத குடும்பங்களும், வந்த வயலைத் திருத்த முதலில்லாத குடும்பங்களும் எமது பகுதியில் உள்ளன. நெல்லை வாங்கி அவித்து அரிசியாக்கி விற்பது இவர்கள் சிறு முதலோடு இறங்கக்கூடிய ஒரு தொழில். காலபோக அறுவடை நேரத்தில் முள்ளியவளை, குமுளமுனைப் பக்கம் நெல்லுக்குக் குறைவிராது. ஆனால் பலர் இரண்டு மூன்று மாதம் செய்துவிட்டு, "பாடுதான் மிச்சம்" என்று விட்டுவிடுகிறார்கள். விற்பனை விலையை உயர்த்துவது எமது கையில் இல்லை. சிந்துவதைக் குறைப்பது எமது கையில் உண்டு.

யப்பானில் ரொயோட்டா தொழிற்சாலையை நெறிப்படுத்திய தாய்ச்சி ஓனோ என்ற பொறியியலாளர் வீணானவற்றை ஏழு வகையாகப் பிரித்தார். பழுதான பொருள் மட்டுமல்ல, தேவையில்லாமல் காத்திருப்பதும், ஏற்றி இறக்குவதும், அளவுக்கு மிஞ்சிச் சேர்த்து வைப்பதும் அவருக்கு வீண்தான். கார் செய்யும் இடத்துக் கணக்கு அவிக்கும் அடுப்படிக்கும் பொருந்தும்.

முதல் நட்டம் நெல் வாங்கும்போதே வருகிறது. நன்றாகக் காய்ந்த நெல்லில் ஈரம் நூற்றுக்கு 14 பங்கு. 18 பங்கு ஈரமுள்ள நெல்லை 100 கிலோ வாங்கினால், அது காய்ந்து 14 பங்குக்கு வரும்போது 95 கிலோ அளவுதான் நிற்கும். குறைந்த நாலரைக் கிலோவும் தண்ணீர். அதற்கும் நெல் விலைதான் கொடுத்தோம். கிலோ 120 ரூபா என்று வைத்தால் 500 ரூபாவுக்கு மேல் போய்விட்டது. சப்பியும் மண்ணும் இதற்குப் புறம்பு. ஆகவே ஒரு பிடி நெல்லைக் கடித்துப் பாருங்கள். 'டக்' என்று முறியாமல் நசிந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

ஊறப்போடும்போது மேலே மிதக்கும் சப்பியை அரித்து எடுத்துவிட வேண்டும். அதை அவிப்பதற்கு எரியும் விறகும் வீண். பச்சைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறினால் நெல் புளித்து அரிசி மணக்கும்; மணத்த அரிசியைக் கடைக்காரர் விலை குறைத்தே எடுப்பார். கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் (சுமார் 70 பாகை) போட்டு மூடினால் நாலைந்து மணித்தியாலத்தில் ஊறிவிடும்.

பெரிய நட்டம் காயவிடும் இடத்தில்தான். அவித்த நெல்லை உச்சி வெயிலில் மெல்லிசாகப் பரப்பி ஒரே மூச்சில் காயவிட்டால் மணி உள்ளே வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, மில்லில் குருணலாகக் கொட்டும்போதுதான் தெரியும். படங்கில் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பி, அரை மணிக்கொருமுறை கிளறுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் குவித்து மூடி, சில மணித்தியாலம் நிழலில் ஆறவிட்டு, பிறகு மிச்சத்தைக் காயவிடுங்கள். 100 கிலோ நெல்லில் குருணல் 14 கிலோவிலிருந்து 4 கிலோவாகக் குறைந்தது என்று வைப்போம். அரிசிக்கும் குருணலுக்கும் கிலோவுக்கு 100 ரூபா வித்தியாசமானால் 1000 ரூபா மிச்சம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, பொறுமைதான் வேண்டும். மழை இருட்டினால் அன்றைக்கு அவிக்காமல் விடுவதும் மிச்சம்தான்.

மில்லைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். 100 கிலோ நெல்லில் உமி 20 கிலோ அளவும், தவிடு 8 முதல் 10 கிலோ வரையும் இருக்கும். பழைய இரும்பு உருளை மில் இரண்டையும் கலந்து தூளாக்கி, அரிசியையும் உடைக்கும். றப்பர் உருளை மில்லில் உமி வேறாக வரும், அரிசியும் சில கிலோ கூடும். தூரம் கூடினால் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே லாண்ட்மாஸ்ரரில் ஏற்றுங்கள். இரண்டு மூடைக்கு ஒரு தடவை ஓடினால் கிடைக்கும் இலாபத்தை எண்ணெய்ச் செலவே விழுங்கிவிடும்.

இனி, மில்லிலேயே விட்டுவிட்டு வரும் பொருள்கள். உமியை அடுத்த அவிப்புக்கு எரித்தால் விறகுச் செலவு குறையும். உமி அடுப்புக்குக் காற்றோட்டம் நன்றாக இருக்க வேண்டும். கருகிய உமியை நாற்றுமேடைக்குப் போடலாம். எங்கள் பாட்டிமார் பல் துலக்கியதும் அந்த உமிக்கரியால்தான். தவிட்டில் எண்ணெய் உள்ளதால் விரைவில் காறும். ஆகையால் அதைச் சேர்த்து வைக்காமல் அன்றன்றே மாட்டுக்கோ கோழிக்கோ கொடுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். குருணலும் மாவாகலாம். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த பின்னும் ஆண்டவர் மீந்த துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் ஒரு சொட்டு மண்ணெண்ணெயையும் எண்ணிச் செலவழித்த எமது மக்களுக்கு இது புதுப் பாடமல்ல.

குழுவில் செய்து பார்க்க:

ஒரு கொப்பியில் ஐந்து நிறைகளை எழுதுங்கள்: வாங்கிய நெல், அவிக்க முன் எடுத்த சப்பி, மில்லுக்குக் கொண்டுபோன காய்ந்த நெல், கிடைத்த அரிசி, அதிலுள்ள குருணல். தராசு இல்லாவிட்டால் சங்கத்தில் இரவல் கேளுங்கள். மூன்று அவிப்பின் கணக்கை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். யாருடைய குருணல் குறைவோ, அவர் எப்படிக் காயவிட்டார் என்று முதலில் அவரிடமே கேட்போம்.