பன்னிரண்டு மணி நேரம் என்று சொல்லி அனுப்பினேன்

விடியற்காலை 3.50-க்குச் சென்னையில் ஏறினால் துபாய் வழியாக அதே நாள் சாயங்காலம் 4.40-க்கு டல்லாஸ். டிக்கெட்டில் அப்படித்தான் இருந்தது. "பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம்தாம்மா, தூங்கி எழுந்தா ஊர் வந்துடும்" என்று, டல்லாஸில் இருக்கும் தங்கையின் பிரசவத்துக்குத் தனியாகப் போன அறுபத்தெட்டு வயது அம்மாவிடம் சொன்னேன். ராத்திரி மாத்திரையைத் தங்கை வீட்டில் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று பிரஷர், சுகர் மாத்திரை எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் வைத்ததும் நான்தான்.

டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். டல்லாஸ் கோடையில் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதினொன்றரை. அம்மா போனது கோடையில்; அந்தப் பத்தரையையும் கூட்டினால் 23 மணி 20 நிமிடம். தூரத்தைப் பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்கும். சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,900 கி.மீ., அங்கிருந்து டல்லாஸ் சுமார் 12,900. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்தாலும் பறக்கவே பதினேழரை மணி நேரம் வேண்டும். மேற்கே போகும்போது எதிர்காற்று வேறு, இருபதைத் தாண்டிவிட்டது. நடுவில் துபாயில் மூன்று மணி நேரம்.



விமானத்தில் அம்மா வாட்ச்சை மாற்றவில்லை. அதில் 4.40 ஆனதும் செருப்பை மாட்டி, பெல்ட்டை இறுக்கி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்னும் பத்தரை மணி நேரம் பாக்கி. யாரையும் கேட்கவில்லை; தூங்கவில்லை; எழுந்து நடக்கவும் இல்லை. டல்லாஸில் இறங்கும்போது கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்ததாம். தங்கை போனில் அழுதாள்.

"நீ கூடப் போயிருக்கணும்" என்றார் அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவனுக்கு யார் ஒரு மாதம் லீவு தருவார்கள்? அவர் போயிருக்கலாமே. டிக்கெட் போட்ட ஏஜென்ட்டும் மொத்தம் எத்தனை மணி நேரம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வீல்சேர் எதுக்கு, அத்தை நல்லாத்தானே நடக்கிறாங்க" என்ற மாப்பிள்ளை இப்போது எல்லோருக்கும் வீல்சேர் கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பொதுவாக அதற்குத் தனிக் காசு கிடையாது. டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

நீங்களும் பிரசவத்துக்கு அம்மாவைத் தனியாகத்தான் அனுப்பப் போகிறீர்கள். மாத்திரையை இரண்டு நாளைக்குக் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். எந்த வேளைக்கு எது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

அம்மா திரும்பி வரும்போது பயண நேரம் முழுவதையும் இந்திய நேரத்துக்கு மாற்றி, பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். "துபாய் இறங்கும்போது உன் வாட்ச்சில் இத்தனை மணி. அதுவரை செருப்பைப் போடாதே." தங்கை பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அம்மா அதை இன்னும் கைப்பையில்தான் வைத்திருக்கிறார்.