துப்பாக்கி ஓய்ந்தும் தூங்காத கண்கள்

எலெக்ட்ரிகல் படிக்கிறவனுக்குத் தூக்கத்தைப் பற்றி என்ன கவலை என்று கேட்காதீர்கள். காரணம் எங்கள் எதிர் வீட்டு மிலிட்டரி மாமா. 1987-ல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். படை 1990-ல் திரும்பிவிட்டது. மாமாவோ இன்றும் ராத்திரி இரண்டு மணிக்குத் திண்ணையில் விழித்திருப்பார். கேட் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார்.

வியட்நாம் போரிலிருந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலருக்கும் இதே கதைதான். 1980-ல்தான் அங்குள்ள மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் இதற்கு பி.டி.எஸ்.டி. என்று பெயர் சேர்த்தது. களத்தில் உயிரைக் காத்த உஷார், வீட்டுக்கு வந்தும் அணைவதில்லை. 'இந்த இடம் பத்திரம்' என்று மனசு நம்பினால்தான் கண் அயரும். திருட்டு பயம், குடிச்சண்டை, திடீர்ச் சத்தம் உள்ள தெருவில் அந்த நம்பிக்கை எப்படி வரும்? ஜூலை 4 வாணவேடிக்கை சமயத்தில், 'இங்கே முன்னாள் வீரர் இருக்கிறார், பார்த்து வெடியுங்கள்' என்று அங்கே சிலர் வாசலில் போர்டே வைக்கிறார்கள்.

இப்போது நம்ம கணக்குக்கு வருவோம். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் எல்லை. ஆனால் அது சராசரி. சூட்சுமமே அங்கேதான்! 40 டெசிபல் உள்ள அமைதியான தெருவில், ஒரு பைக் 80 டெசிபலில் 5 விநாடி அலறிவிட்டுப் போகட்டும். 8 மணி நேரச் சராசரி போட்டுப் பாருங்கள், சுமார் 44.4 வரும். சட்டம் பாஸ் போட்டுவிடும். மாமாவின் தூக்கம் போனது போனதுதான். ஃபேன் சத்தம் ராத்திரி பூரா ஓடினாலும் யாரையும் எழுப்பாது. எதிர்பாராத ஒற்றைச் சத்தம்தான் எழுப்பும்.

அடுத்தது வெளிச்சம். புது எல்.இ.டி. தெருவிளக்கு நேராக மாமாவின் கட்டிலில் அடித்தது. நீலம் கலந்த வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைக் குறைக்கும் என்று படித்திருந்ததால், "விளக்கை நிறுத்தச் சொல்லட்டுமா மாமா?" என்றேன். பதறிவிட்டார். "வேணாம் தம்பி, கேட்டு தெரியணும்!" எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியில் வயர்மேன் அண்ணனிடம் சொல்லி, வெளிச்சம் கேட்டில் மட்டும் விழுகிற மாதிரி சாய்த்து வைத்தோம்.

அந்த 80 டெசிபல் பைக் யாருடையது என்கிறீர்களா? அடியேனுடையதுதான். கழற்றிப் பரணில் போட்டிருந்த கம்பெனி சைலன்சரை மறுபடி மாட்டிவிட்டேன். மாமாவுக்கு முழுசாகச் சரியாகிவிடவில்லை. பூட்டை மட்டும் இப்போது ஒரு தரம்தான் இழுத்துப் பார்க்கிறார்.