கடுவன் குட்டியா, பெட்டைக் குட்டியா?

பொமரேனியன் போன்ற சிறு இன நாயை வீட்டில் வளர்க்க விரும்பும் கமக்காரர், குட்டியைத் தெரிவு செய்யுமுன் ஆண் பெண் வேறுபாட்டை அறிதல் நன்று. அன்பும் விழிப்பும் பெரும்பாலும் வளர்ப்பு முறையைப் பொறுத்தவை. இனப்பெருக்கக் காலத்திலேயே வேற்றுமை தெளிவாகப் புலப்படும்.

கடுவன்: அயலில் பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் வேலி கடந்து அலையும், பிற கடுவன்களோடு சண்டையிட்டுக் கடிபடும். தன் எல்லையைக் குறிக்கத் தூண்களிலும் நெல் மூட்டைகளிலும் சிறுநீர் கழிக்கும்.

பெட்டை: ஆண்டில் ஏறக்குறைய இரு முறை பருவத்துக்கு வரும். அது சுமார் 3 வாரம் நீடிக்கும். அக்காலத்தில் ஊர் நாய்கள் முற்றத்தில் கூடும். சினையுற்றால் சுமார் 63 நாளில் ஈனும். சிறு இனப் பெட்டைக்கு ஈனுதல் சில வேளை கடினமாகும். கருத்தடை செய்யாத பெட்டைக்குக் கருப்பையில் சீழ் கட்டும் நோயும் வரக்கூடும்.

பெரும்போகத்தில் வீட்டார் படுவான்கரை வயல்வாடியில் காவலிருப்பின், எழுவான்கரை வீட்டில் நாயைக் கவனிப்போர் குறைவர். அலையும் கடுவனும், ஊர் நாய்களை ஈர்க்கும் பெட்டையும் கடிபட்டு விசர்நோய்க்கு ஆளாகலாம். இந்நோய் மனிதருக்கும் தொற்றும்; நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

ஆகவே, எக்குட்டியைத் தெரிந்தாலும் கால்நடை வைத்தியரிடம் கருத்தடை செய்வித்தல் வேண்டும். பெட்டையின் பருவம் நின்றுவிடும். கடுவனின் அலைச்சலும் பெரிதும் குறையும். விசர்நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போடுவிக்க. நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்க.