அளவு முதலில், பாகம் பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

எஞ்சினைப் பிரித்த அன்றே பிஸ்டனையும் ரிங்கையும் வாங்கி வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களிடம் இயல்பாகவே காணப்படுகிறது. வண்டியின் உரிமையாளரும் பெரும்பாலும் அதையே எதிர்பார்க்கிறார். ஆனால், வாங்க வேண்டிய பிஸ்டனின் அளவைத் தீர்மானிப்பது கடைக்காரரோ உரிமையாளரோ அல்லர், தேய்ந்த சிலிண்டரே ஆதலால், அதை அளந்து முடிக்கும்வரை ஒரு ரிங்குகூட வாங்கலாகாது என்பதைத் தம்பி தொழில்நெறியாகவே கொள்ள வேண்டும்.

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் மேல் எல்லையைத் தொட்டுத் திரும்பும் கணத்தில் அதன் வேகம் சுழியாகிவிடுவதால், ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலுள்ள ஆயில் படலம் மெலிகிறது. அதே வேளையில் எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு இறுக்குகிறது. வெப்பமும் அங்கேதான் மிகுதி. ஆகவே மேல் ரிங் திரும்பும் இடத்தில் தேய்மானம் மிகுந்தும், கீழே செல்லச் செல்லக் குறைந்தும் இருக்கும். மேல் விட்டத்துக்கும் கீழ் விட்டத்துக்கும் உள்ள இவ்வேறுபாடே டேப்பர் எனப்படுகிறது. மேலும், வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும்போது கனெக்டிங் ராட் சாய்ந்து நிற்பதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் கூடுதலாக அழுந்துகிறது; இதனால் பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கான திசையில் விட்டம் பெருகி, வட்டம் நீள்வட்டமாவது ஓவாலிட்டி எனப்படுகிறது. ரிங் எட்டாத உச்சிப்பகுதி தேயாமல் நிற்பதால் உண்டாகும் விளிம்பை நகத்தால் தடவினாலே உணரலாம். அதை நீக்காமல் புது ரிங் போட்டால், ரிங்கின் மேல்முனை அதில் மோதி உடையவும் கூடும்.

டேப்பர், ஓவாலிட்டி ஆகிய இவ்விரு குறைகளையும் காண, கார்பனும் ஆயிலும் போகத் துடைத்த சிலிண்டரில் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் பிஸ்டன் பின்னின் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் அளக்க வேண்டும். ஆக ஒரு சிலிண்டருக்கு 6 அளவுகள். இதற்குரிய கருவி டயல் போர் கேஜ். முதலில் மைக்ரோமீட்டரைக் கொண்டு அதன் தொடக்க அளவைச் சரிசெய்து, பிறகு சிலிண்டருக்குள் இறக்கி மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தால், முள் ஒரு திசையில் சென்று ஓரிடத்தில் திரும்பும். சாய்ந்த நிலையில் கேஜ் காட்டுவது விட்டத்தைவிடப் பெரிய அளவாதலால், திரும்பும் இடத்தில் கிடைக்கும் மிகச்சிறிய அளவே உண்மையான விட்டம். சூடான சிலிண்டரை அளக்கலாகாது, 70 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு 20 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.015 மி.மீ. விரியும் என்பதால், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைத் தேடும் வேலையில் அதுவே பிழையாகிவிடும்.

திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொண்டால், அதன் வார்ப்பிரும்பு சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் எனப்படும் பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ. அதற்குக் கிடைக்கும் முதல் ஓவர்சைஸ் பிஸ்டன் 0.020 அங்குலம், அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பெரியது. மேற்பகுதியில் 70.35 மி.மீ. என அளவு வந்தால், 70.51 வரை இடமிருக்கிறதே என்று அந்த பிஸ்டனை வாங்கிவிடத் தோன்றும். ஆனால் பழைய மையம் மாறாமல் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர் வேலையின்போது ஒவ்வொரு பக்கத்திலும் 0.25 மி.மீ. மட்டுமே வெட்டப்படும், தேய்மானம் 0.35-ம் ஒரே பக்கத்தில் விழுந்திருந்தால் அந்தப் பள்ளம் வெட்டுக்கு அப்பால் அப்படியே நிற்கும். அப்போது 0.040 அங்குல ஓவர்சைஸுக்குப் போக நேரும். முன்பே வாங்கிய பிஸ்டன் அலமாரியில்தான் கிடக்கும். ஆதலால் விட்டத்தை மட்டுமன்றி, தேய்மானம் எந்தப் பக்கம் மிகுதி என்பதையும் போரிங் பட்டறையில் பார்த்துச் சொல்லக் கேட்பது இன்றியமையாதது. பல சிலிண்டர்கள் உள்ள எஞ்சினில், மிகவும் தேய்ந்த ஒன்றே எல்லாவற்றின் அளவையும் தீர்மானிக்கும்.

போர் கேஜ் கைவசம் இல்லாத இடத்தில் ஒரு ரிங்கைக் கொண்டே டேப்பரை அறியலாம். ரிங்கைச் சிலிண்டரில் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு இடையிலான ரிங் கேப்பை ஃபீலர் கேஜால் மேலும் கீழும் அளக்க வேண்டும். விட்டம் கூடினால் சுற்றளவு அதைப்போல் 3.14 மடங்கு கூடும் என்பதால், கீழே 0.30 மி.மீ., மேலே 0.61 மி.மீ. என வந்தால், வேறுபாடான 0.31-ஐ 3.14-ஆல் வகுக்க, டேப்பர் 0.1 மி.மீ. எனத் தெளியும். இம்முறை ஓவாலிட்டியைக் காட்டாது; ஆகவே இது முன்னோட்டமேயன்றி முடிவன்று.

அளவுகள் கிடைத்தபின், நிறுவனத்தின் சர்வீஸ் கையேடு தரும் எல்லைகளோடு ஒப்பிட்டு, ரிங் மாற்றுவது போதுமா, ரீபோர் வேண்டுமா, ஸ்லீவ் எனும் உட்குழாய் இறக்க வேண்டுமா என முடிவுசெய்து, அதன் பிறகே பாகம் வாங்க வேண்டும். வாங்கிய பிஸ்டனைச் சிலிண்டரோடு சேர்த்தே போரிங் பட்டறையில் கொடுப்பது முறை; ஏனெனில் இறுதி விட்டம் அந்த பிஸ்டனின் அளவோடு கையேடு கூறும் இடைவெளியைக் கூட்டியே வெட்டப்படுகிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பெரியோர் வாக்கு. அந்த 6 அளவுகளையும் தேதியிட்டு நோட்டில் எழுதி, உரிமையாளரிடம் காட்டி விளக்கிய பின்னரே பாகத்துக்குப் பணம் கேட்பது தம்பியின் வழக்கமாகட்டும். எஞ்சின் வேலைக்கென்று பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமே பட்டறைக்கு வருகிறது. அதில் ஒரு ரூபாயும் ஊகத்தின் பேரில் செலவாகலாகாது.