ஐரோப்பாவின் உபரிப் பாலும் மைசூருக் கூட்டுறவுகளும்

மைசூரு மாவட்டச் சிற்றூர்களில் காலையும் மாலையும் பால் உற்பத்தியாளர் சங்கங்களின் முன் மக்கள் பாத்திரங்களுடன் கூடுகின்றனர். பாலின் அளவும் கொழுப்பும் கணக்கிடப்பட்டு விலை தரப்படுகிறது. ஓரிரு கறவை மாடுகளை நம்பிய இக்குடும்பங்களின் வருவாய்க்கும் பிரஸ்ஸல்ஸ் நகரின் முடிவுகளுக்கும் தொடர்பு உண்டு என்பது வியப்பாகத் தோன்றலாம்.

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1968-ல் பாலுக்குப் பொது விலையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. அவ்விலை உலக விலையினும் மிக உயர்ந்தது. விற்காத வெண்ணெயையும் பால்பவுடரையும் சமூகமே கொள்முதல் செய்தது. எவ்வளவு கறந்தாலும் வாங்குவோர் உண்டெனில் உற்பத்தி பெருகாமல் என்ன செய்யும்? தேங்கிய சரக்கை வெளியேற்ற ஏற்றுமதி மானியம் கைகொடுத்தது. உள்நாட்டில் 100 விலையுள்ள பவுடர் வெளிநாட்டில் 60-க்கே விலைபோகுமெனில், எஞ்சிய 40-ஐ ஏற்றுமதியாளருக்குச் சமூகம் ஈடுசெய்தது. சுமை ஐரோப்பிய வரி செலுத்துவோரைச் சார்ந்தது. அடியோ பிறநாட்டு உழவர்மீது விழுந்தது.

இவ்வுபரியின் ஒரு பகுதி உணவு உதவியாகவும் வந்தது. 1970-ல் தொடங்கிய வெண்மைப் பெருக்குத் திட்டத்திற்கு உலக உணவுத் திட்டத்தின் வழியாக 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால்பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் ஒதுக்கப்பட்டன. இலவசப் பொருள் மலிவாக விற்கப்பட்டால் உள்ளூர்ப் பாலின் விலை சரியும். டாக்டர் வர்கீஸ் குரியன் தலைமையிலான தேசியப் பால்வள வாரியம் இதனை உணர்ந்திருந்தது. பெருநகரப் பண்ணைகளில் பவுடர் மீண்டும் பாலாக்கப்பட்டு விற்கப்பட்டது. கிடைத்த பணம் கூட்டுறவுகளின் முதலாயிற்று. அயல்நாட்டுப் பவுடரைச் சார்ந்திருக்கும் நிலை ஏற்படும் என்று 1980களில் எழுந்த குறைகூறலை முற்றிலும் ஒதுக்குவதற்கில்லை. எனினும், சரக்கு யார் கையில், என்ன விலையில் நுழைகிறது என்பதே பயனையும் கேட்டையும் முடிவுசெய்தது எனலாம்.

மைசூருவின் பங்கு இதில் சிறிதன்று. அங்குள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை வகுத்தது. அமுல் அதனை வணிக அளவில் உற்பத்தி செய்தது. கர்நாடகத்தில் 1974-ல் உலக வங்கி உதவியுடன் கூட்டுறவுப் பால்வளத் திட்டம் தொடங்கியது. அதன் கழகம் 1984-ல் கர்நாடகப் பால் கூட்டமைப்பாக மாறியது.

1999-2000-ல் நிலைமை வேறு. பழைய காட் உடன்பாட்டின்படி பால்பவுடருக்கு இந்தியா சுங்கவரி விதிக்க இயலவில்லை. மானியச் சரக்கு, வாரியத்தின் கையைக் கடக்காமல் நேரடியாகச் சந்தைக்கு வந்தது. மறுபேச்சு நடத்தி, 10,000 டன் வரை 15 சதவீதமும் அதற்குமேல் 60 சதவீதமும் வரி விதிக்கும் உரிமையை இந்தியா பெற்றது.

ஏற்றுமதி மானியங்களை ஒழிக்க 2015 டிசம்பரில் நைரோபி மாநாடு முடிவுசெய்தது. ஆனால் 2018-ல் இந்தியாவிலேயே பவுடர் தேங்கியபோது, குஜராத்தும் மகாராஷ்டிரமும் ஏற்றுமதிக்குக் கிலோவுக்கு ரூ.50 மானியம் அறிவித்தன.