பயிற்சிக்கும் பரீட்சைக்கும் ஒரே நாள்காட்டி

அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் நீச்சல் குளத்துக்கும் டென்னிஸ் களத்துக்கும் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். பெற்றோரும் சளைக்காமல் காரில் அழைத்துப் போகிறார்கள். ஆனால் கல்லூரி என்ற பேச்சு வந்தால் மட்டும், “11-ஆம் வகுப்பு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுகிறோம். அதற்குள் 9-ஆம் வகுப்புக் கணக்குப் பாடத்தின் கிரேடு கணக்கில் ஏறியிருக்கும். விளையாட்டையும் படிப்பையும் உதவித்தொகையையும் ஒரே தாளில் எழுதித் திட்டமிடுங்கள். அதற்கான படிகள் இவை.

1. 9-ஆம் வகுப்பிலேயே பாடங்களைச் சரிபாருங்கள்

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் டிவிஷனில் ஆட, உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். ஆங்கிலம் 4 ஆண்டு, அல்ஜீப்ரா ஒன்று முதல் கணக்கு 3 ஆண்டு, அறிவியல் 2 ஆண்டு, சமூக அறிவியல் 2 ஆண்டு ஆகியவை இதில் அடக்கம். இவற்றில் 10 பாடங்களை 12-ஆம் வகுப்பு தொடங்குமுன் முடிக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு, ஆங்கிலம், கணக்கு, அறிவியலாக இருக்க வேண்டும். அந்தக் கிரேடுகள் அத்துடன் பூட்டப்பட்டுவிடும். பிறகு அதே பாடத்தைத் திரும்ப எடுத்து உயர்த்த முடியாது.

இந்தப் பாடங்களின் ஜி.பி.ஏ. முதல் டிவிஷனுக்குக் குறைந்தது 2.3, இரண்டாம் டிவிஷனுக்கு 2.2. பள்ளி நடத்தும் எல்லாப் பாடமும் இதில் சேராது. என்.சி.ஏ.ஏ. ஏற்ற பாடங்களின் பட்டியல் பள்ளிவாரியாக இணையத்தில் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக் கவுன்சிலரைப் பாருங்கள்.

2. தேர்வு இன்னும் தேவை

2023 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. தன் தகுதி விதியிலிருந்து எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வுகளை நீக்கியது. “இனி பரீட்சையே வேண்டாம்” என்று சிலர் சொல்வது இதைக் கேட்டுத்தான். விளையாடத் தகுதி வேறு. கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு. எம்.ஐ.டி., டார்ட்மவுத், ஹார்வர்டு போன்றவை தேர்வு மதிப்பெண்ணை மறுபடி கட்டாயமாக்கிவிட்டன. கட்டாயமில்லாத பல கல்லூரிகளிலும், படிப்புத் திறனுக்கான உதவித்தொகைக்கு நல்ல மதிப்பெண் கைகொடுக்கும்.

3. சீசன் இல்லாத மாதத்தில் தேர்வை வையுங்கள்

முதலில் போட்டித் தேதிகளைக் குறியுங்கள். மிஞ்சிய இடத்தில் தேர்வைப் பொருத்துங்கள்.

- இலையுதிர்காலத்தில் ஆடுபவர்கள் (கால்பந்து, கிராஸ் கன்ட்ரி): 11-ஆம் வகுப்பின் மார்ச், மே.
- குளிர்காலத்தில் ஆடுபவர்கள் (நீச்சல், கூடைப்பந்து): ஆகஸ்ட் அல்லது மே, ஜூன்.
- வசந்தகாலத்தில் ஆடுபவர்கள் (தடகளம், பேஸ்பால்): ஆகஸ்ட் முதல் டிசம்பருக்குள்.

இரண்டாவது முயற்சிக்கும் இப்போதே ஒரு தேதி ஒதுக்குங்கள். எஸ்.ஏ.டி. இன்று கணினியில் நடக்கும் 2 மணி 14 நிமிடத் தேர்வு. போட்டிக்குப் போகும் வழியில், பேருந்தில் உட்கார்ந்தே கான் அகாடமியில் இலவசமாகப் பயிற்சி செய்யலாம். 11-ஆம் வகுப்பின் அக்டோபரில் வரும் பி.எஸ்.ஏ.டி.யைத் தவறவிடாதீர்கள், நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு அதுதான் வாசல்.

4. கோச்சுக்குப் பிள்ளையே எழுதட்டும்

பெரும்பாலான விளையாட்டுகளில், 10-ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15-லிருந்து முதல் டிவிஷன் கோச்கள் மாணவருடன் நேரடியாகப் பேசலாம். மாணவர் அதற்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பலாம். நேரம் அல்லது தரவரிசை, ஆட்டக் காணொளி, ஜி.பி.ஏ., தேர்வு மதிப்பெண் ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். பெற்றோர் எழுதித் தரவேண்டாம். கோச் தெரிந்துகொள்ள விரும்புவது பிள்ளையை.

5. பணம் எங்கிருந்து வரும் என்று பிரித்துப் பாருங்கள்

முதல், இரண்டாம் டிவிஷன்களில் விளையாட்டு உதவித்தொகை உண்டு. ஆனால் பலருக்குக் கிடைப்பது செலவில் ஒரு பங்குதான். மூன்றாம் டிவிஷனிலும் ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஐவி லீகில் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். மூன்றாம் டிவிஷன் கல்லூரிகள் பலவற்றில் படிப்புத் திறனுக்கும் பணம் உண்டு.

கூட்டரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவம் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் பயன்படும். எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அந்த உதவி கிடையாது. ஆனால் விளையாட்டு உதவித்தொகைக்குக் குடியுரிமை தடையல்ல. சென்னையில் டென்னிஸ் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மன் விர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடித்தான் 2007, 2008 இரண்டு ஆண்டும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றார்.

6. உதவித்தொகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகள்

உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு? காயம்பட்டால் தொடருமா? கோச் மாறினால் என்ன ஆகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: “நாளைக்கே விளையாட முடியாமல் போனாலும் இந்தக் கல்லூரியில் படிக்க உனக்குப் பிடிக்குமா?” முழங்கால் ஒருமுறை பிசகினால் ஒரு சீசன் போய்விடும், பிடித்த கல்லூரியும் நல்ல கிரேடும் அப்போதும் கூட இருக்கும். இந்த வாரமே கவுன்சிலரிடம் நேரம் கேளுங்கள், நாள்காட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.